குறவன் தின்ற காயம்

1

எங்கள் மகள் பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தபோது பெண்ணாடம் வீட்டுக்கு வந்த பெரியம்மா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒரு பழமொழி சொன்னார். 'என்னாடா இது, கொறத்தி புள்ள பெத்தா கொறவன் காயம் தின்ன கதையா இருக்கு. பெத்தவ எழுந்து நடமாடுறா, நீ மூஞ்சத் தொங்கப் போட்டுகிட்டு மூலையில கெடக்குற.' திண்ணையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தமிழ் எம்.ஏ. படித்தவன், பழமொழியை ரசிக்கத் தெரிந்தவன் என்று பெயர்.

அந்த மாதங்களில் எனக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுயசரிதை எழுதும் ஆசை எதுவுமில்லை. இந்தக் கட்டுரைக்கு அது ஒரு தரவு, அவ்வளவுதான். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து மனைவி அரியலூர் பக்கத்துத் தாய்வீட்டுக்குப் போனாள். அன்றிலிருந்து இரவு இரண்டு மணிக்கு மேல் தூக்கம் கிடையாது. விருத்தாசலம் - அரியலூர் தடத்தில் போகும் ரயில்களை எண்ணிக்கொண்டு கிடப்பேன். கையிருப்பு எவ்வளவு, ரத்தம் தேவைப்பட்டால் யார் தருவார்கள், ஆபரேஷன் என்றால் யார் கையெழுத்துப் போடுவது என்று மனது ஓடிக்கொண்டே இருக்கும். நான் வேலை பார்த்த இடத்தில் நான்கு நாள் விடுப்புக் கேட்டேன். 'பெத்துக்கப் போறது நீயா?' என்றார்கள். மகள் பிறந்தாள். கையில் வாங்கியபோது சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். வரவில்லை, பயம்தான் வந்தது.

மூன்றாம் மாதம் தாயையும் குழந்தையையும் பெண்ணாடத்துக்கு அழைத்து வந்தோம். கிணற்றடியில் குழந்தையோடு நிற்கும்போதெல்லாம், நானே இவளை உள்ளே போட்டுவிடுவேனோ என்ற எண்ணம் குறுக்கே பாயும். போட வேண்டும் என்ற ஆசை துளியும் இல்லை. எண்ணம் மட்டும் வரும், உடம்பு வியர்த்துப்போகும். குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவேன். 'புள்ளையத் தூக்கவே மாட்டேங்குறான், பொம்பளப் புள்ளன்னு மனசுல வச்சிருக்கான்' என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்வதானால் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு வருஷம் கழித்து ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். இப்படியான எண்ணங்கள் தாய்க்கும் வரும், தகப்பனுக்கும் வரும், எண்ணத்தைக் கண்டு மிரளுகிறவன் அதைச் செய்கிறவன் அல்ல என்றார். அந்த வருஷம் முழுக்க அப்படிச் சொல்ல எனக்கு ஓர் ஆள் இருந்திருக்கவில்லை. பழமொழி மட்டும்தான் இருந்தது.

எனவே பழமொழியிலிருந்தே தொடங்குகிறேன்.

2

பெரியம்மா சொன்ன காயம், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் கார மருந்து. பெருங்காயம், சுக்கு, மிளகு, திப்பிலி, வெல்லம் என்று வீட்டுக்கு வீடு சேர்மானம் மாறும். பெற்றவள் தின்ன வேண்டியதைப் புருஷன் தின்கிறான் என்பது கேலி. பாடுபட்டவன் ஒருவன், பலனை அடைகிறவன் இன்னொருவன் என்று சொல்ல வேண்டிய இடங்களில் எல்லாம் இதை எடுத்துப் போடுகிறோம். ஆனால் பழமொழி வெறும் கற்பனையில் பிறக்கவில்லை.

1874இல் 'இந்தியன் ஆன்டிக்குவரி' இதழில் கெயின் என்ற பாதிரியார் கோதாவரிப் பகுதி எருகுலரைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். எருகுலர் என்பது தெலுங்கு நாட்டில் குறவருக்கு வழங்கும் பெயர். அவர் தருகிற செய்தி இது: மனைவிக்கு வலி கண்டதும் புருஷனிடம் சொல்வாள். அவன் அவளுடைய துணியை எடுத்து உடுத்திக்கொள்வான். பெண்கள் இடும் பொட்டை நெற்றியில் இட்டுக்கொள்வான். மங்கலான விளக்கு மட்டும் எரியும் இருட்டறையில் நீளத் துணியால் போர்த்திக்கொண்டு படுப்பான். குழந்தை பிறந்ததும் கழுவி அவன் பக்கத்தில் கிடத்துவார்கள். பெருங்காயமும் வெல்லமும் அவனுக்குக் கொடுப்பார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1906இல் வெளியிட்ட தென்னிந்திய இனவரைவியல் குறிப்புகளில் இதற்குத் தனி அத்தியாயமே ஒதுக்கினார். நாம் சொல்லிச் சிரிக்கிற பழமொழி, ஒரு சாதி உண்மையில் செய்த சடங்கை இன்னொரு சாதிகள் பார்த்துச் சிரித்ததன் பதிவு.

இனவரைவியலில் இதற்குப் பெயர் 'கூவாட்'. அடைகாத்தல் என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. 1865இல் எட்வர்ட் டைலர் இந்தச் சொல்லைப் பொதுப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1889இல் அவரே, தாய்வழிச் சமூகம் தந்தைவழிச் சமூகமாக மாறும் கட்டத்தின் அடையாளம் இது என்று வாதிட்டார். மலினோவ்ஸ்கி, தகப்பன் என்பவனைச் சமூகம் உண்டாக்கும் வழி இது என்றார். ஃபிராய்டின் மாணவரான தியோடர் ரைக், பாசத்தோடு கலந்து நிற்கும் பகையை, பிறக்கப்போகிறவன்மீது தகப்பனுக்கு உள்ளே இருக்கிற இரண்டக மனநிலையை இதில் கண்டார். மூன்று வாசிப்புகளும் வேறு வேறு. மூன்றிலும் விடுபட்டுப் போவது ஒன்று: படுத்திருக்கிறவன் பயந்திருக்கலாம் என்பது. அவன் பயத்தைச் சமூகம் கண்டு, அதற்கு ஓர் அறை, ஒரு விளக்கு, ஒரு மருந்து, குழந்தைக்குப் பக்கத்தில் ஓர் இடம் என்று ஒதுக்கியிருக்கலாம் என்பது.

இந்தச் சடங்கைப் புனிதப்படுத்த நான் வரவில்லை. பெற்றவளுக்கு ஓய்வு கிடைத்ததா என்று கெயினின் குறிப்பை வைத்துச் சொல்ல முடியாது. பேறுகால வலியைக்கூட ஆண் தன் பெயரில் எழுதிக்கொள்கிறான் என்று பெண்ணிய நோக்கில் இதை வாசிக்க இடமிருக்கிறது. அந்த வாசிப்பும் சரிதான். ஆனால் சிரித்த சாதிகளின் வீடுகளில் பெண்ணுக்கு மட்டும் கூடுதலாக என்ன கிடைத்துவிட்டது? கேலிக்குப் பின்னாலிருந்தது பெண்மீதான கரிசனம் அல்ல. பெண் துணியை உடுத்திப் படுக்கிற ஆணைக் கண்ட அருவருப்பும் குறவன் என்ற சாதிமீதான இளக்காரமும்தான்.

இந்த இளக்காரத்துக்குச் சட்டமும் துணை வந்தது. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தபோது குறவர்கள் அதன்கீழ் வந்தார்கள். பதிவு செய்யப்பட்டவன் கைரேகை கொடுக்க வேண்டும், இருப்பைக் கணக்குக் காட்ட வேண்டும், அனுமதியில்லாமல் ஊர் விட்டு ஊர் போகக் கூடாது. மனைவி வேறு ஊரில் வலியில் கிடந்தாலும் போகக் கையில் சீட்டு வேண்டும். இனவரைவியலாளர் வியந்து குறித்துக்கொண்ட அதே தகப்பனைப் போலீஸ் பேரேடு குற்றவாளி என்று குறித்துக்கொண்டது. சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் நீக்கப்பட்டது. நினைப்பு நீங்கவில்லை. பெண்ணாடத்திலிருந்து அதிக தூரமில்லாத முதனை கிராமத்துக் குறவர் ராஜாக்கண்ணு 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். காவலர்களுக்குத் தண்டனை கிடைக்க 2006 ஆயிற்று. ஒரு குறவத் தகப்பனின் பயம் எதை எதையெல்லாம் பற்றியது என்று யோசிக்கிறபோது இதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

சிரித்த சாதிகளிடமும் இந்தச் சடங்கின் எச்சம் இருந்தது என்பதுதான் வேடிக்கை. மனைவி மாசமாக இருந்தால் புருஷன் முடி வெட்டக் கூடாது, பாம்பை அடிக்கக் கூடாது, பிணம் தூக்கக் கூடாது. எனக்கே பெரியம்மா சொன்ன விதிகள் இவை. பிறக்கப்போகிற குழந்தையோடு தகப்பனின் உடம்பும் கட்டப்பட்டிருக்கிறது என்ற அதே நம்பிக்கைதான். குறவன் படுத்துக் காட்டியதை மற்றவர்கள் தாடி வளர்த்துக் காட்டினார்கள். அவனுடையது பழமொழியாயிற்று, இவர்களுடையது சம்பிரதாயமாயிற்று.

3

இப்போது எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். பெண்ணாகடம் என்பது பழைய பெயர். தேவ கன்னியரும் பசுவும் யானையும் வழிபட்ட ஊர் என்று தலபுராணம் பெயரைப் பிரித்துச் சொல்லும். கோயில் தூங்கானைமாடம், படுத்திருக்கும் யானையின் பின்புறம் போன்ற விமானம். சைவ சித்தாந்தத்துக்கு இந்த ஊர் முக்கியம். 'சிவஞானபோதம்' தந்த மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் பிறந்தது இங்கே என்பது மரபு. சித்தாந்தம் படிப்பவர்கள் மெய்கண்டாரிலிருந்து தொடங்குவார்கள். நான் அவருடைய அப்பாவிலிருந்து தொடங்குகிறேன்.

அச்சுத களப்பாளர் வேளாளர், செல்வர். குழந்தையில்லை. தவித்துப்போய்த் தம் குரு சகலாகம பண்டிதரிடம் திருத்துறையூருக்குப் போகிறார். குரு தேவார ஏட்டில் கயிறு சாத்திப் பார்க்கச் சொல்கிறார். சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகத்தில் ஒரு பாட்டு வருகிறது. அங்குள்ள முக்குளத்தில் நீராடியவரைப் பேய் அண்டாது, பிள்ளையும் நினைத்த வரமும் கிடைக்கும் என்பது அதன் கருத்து. பேயும் பிள்ளையும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து நிற்பது கவனிக்கத்தக்கது. பிள்ளைக்கான ஏக்கமும் பேய் பிடித்தது போன்ற மனக்கலக்கமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதைக் குளத்தங்கரை மரபு அறிந்திருக்கிறது.

மனைவியோடு களப்பாளர் திருவெண்காடு போய்க் கிடக்கிறார். கனவில் இறைவன் வந்து, இந்தப் பிறவியில் உனக்குப் பிள்ளைப் பேறு இல்லை என்கிறார். களப்பாளர் சம்பந்தரின் வாக்கை நம்பி வந்தேன் என்று நிற்கிறார். அதன் பேரில் பிள்ளை வாய்க்கிறது. சுவேதவனப்பெருமாள் என்று பெயரிடுகிறார்கள். இல்லை என்று தெய்வமே சொன்ன பிறகு கிடைத்த பிள்ளை. அந்தத் தகப்பன் எத்தனை இரவு தூங்கியிருப்பார்? கதை அதைச் சொல்வதில்லை. பிறகு தாய்மாமன் வந்து பிள்ளையைத் திருவெண்ணெய்நல்லூருக்குக் கூட்டிப்போகிறார். அங்கே பரஞ்சோதி முனிவர் உபதேசிக்கிறார், பிள்ளை மெய்கண்டார் ஆகிறது. குடும்ப குருவான சகலாகம பண்டிதரே பிள்ளையின் காலில் விழுந்து அருணந்தி சிவாசாரியார் ஆகிறார். குரு தொடர்கிறார், தாய்மாமன் நினைக்கப்படுகிறார். அப்பன் கதையிலிருந்து இறங்கிப் போய்விடுகிறார். வரம் வாங்கித் தந்ததோடு அவர் வேலை முடிந்தது.

இங்கே இரண்டைச் சேர்த்து வைத்துப் பார்க்கலாம். வேளாளத் தகப்பனின் தவிப்பு சைவ வரலாற்றின் முன்னுரையாக எழுதப்பட்டது. குறவத் தகப்பனின் தவிப்பு பழமொழியாகிக் கேலிக்குள்ளாயிற்று. யாருடைய பயம் புராணமாகும், யாருடைய பயம் நகைச்சுவையாகும் என்பதைச் சாதிதான் தீர்மானித்திருக்கிறது. அதேசமயம் புராணத்திலும் ஒரு நிபந்தனை உண்டு. பிள்ளை வரும் வரைக்கும் தகப்பன் தவிக்கலாம், அதற்குக் குளமும் ஏடும் குருவும் இருக்கிறார்கள். வந்த பிறகு தவிக்க அவனுக்கு அனுமதியில்லை.

இந்த ஊருக்கு இன்னொரு ஆணும் உண்டு. பெரியபுராணம் சொல்லும் கலிக்கம்ப நாயனார் பெண்ணாகடத்து வணிகர். முன்பு தம்மிடம் வேலைக்காரனாக இருந்தவன் அடியாராக வந்தபோது காலைக் கழுவ மனைவி நீர் வார்க்கத் தயங்கினாள். அவள் கையை வெட்டினார். வேலைக்காரனின் காலைத் தொடுகிற அந்தச் செயலில் சாதியையும் படிநிலையையும் மீறும் ஒன்று இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மீறலுக்கான விலையைக் கொடுத்தது அவள் கை. அவள் தயங்கினாள், அவர் தயங்கவில்லை. தயக்கமின்மை ஆணின் லட்சணமாக எங்கள் ஊரில் எழுதப்பட்டுவிட்டது. கிணற்றடியில் தயங்கி நின்ற நான் எந்தப் புராணத்திலும் இல்லை.

4

நவீன அரசு இந்தத் தகப்பனை எப்படிப் பார்க்கிறது? அது அவனுடைய உடம்பைத் தேடி வந்த ஒரு காலம் உண்டு. நெருக்கடி நிலையின்போது 1976-77இல் நாடு முழுக்க 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்குக் கருத்தடை அறுவை செய்தார்கள், பலருக்கு வற்புறுத்தி. இனிமேல் தகப்பனாகாதே என்று சொல்லத்தான் அரசு அவனிடம் வந்தது. தகப்பனாகிறவனிடம் எப்படியிருக்கிறாய் என்று கேட்க வரவில்லை.

1961இன் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு விடுப்பு 26 வாரமானது. அது பெண்கள் போராடிப் பெற்ற உரிமை, அதுவும் அமைப்புசாராத் தொழிலில் இருக்கிற பெரும்பாலான பெண்களுக்கு இன்னும் எட்டாத உரிமை. அந்தச் சட்டத்தில் தகப்பனுக்கு ஒரு நாள்கூட இருக்கவில்லை. மத்திய அரசின் ஆண் ஊழியர்களுக்கு 1997இலிருந்து 15 நாள் உண்டு. கரும்பு வெட்டுகிறவனுக்கும், லாரி ஓட்டுகிறவனுக்கும், திருப்பூர் போய்ப் பனியன் கம்பெனியில் நிற்கிற எங்கள் பக்கத்துப் பையனுக்கும் இதெல்லாம் வேறு தேசத்துச் செய்தி.

2023 ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு ஒரு வழக்கு வந்தது. தென்காசி மாவட்டக் காவல் ஆய்வாளர் ஒருவர் மனைவியின் பிரசவத்துக்கு விடுப்புக் கேட்டார். கொடுத்த விடுப்பைத் துறை ரத்து செய்தது. நீதிமன்றம் போய்க் கொஞ்ச நாள் வாங்கினார். அதற்குப் பிறகும் பணிக்குத் திரும்பாததால், பணியை விட்டு ஓடிப்போனவர் என்று ஆணை பிறப்பித்தார்கள். நீதிமன்றம் அதை ரத்து செய்து, தந்தைமைக்கான விடுப்புக்குச் சட்டம் வேண்டும் என்றும் சொன்னது. காவல் துறை இந்தக் கட்டுரையில் இரண்டு முறை வருகிறது. ஒரு முறை குறவத் தகப்பனைக் கொன்றதாக, இன்னொரு முறை தன் ஆளையே ஓடிப்போனவன் என்றதாக. தகப்பன் என்கிற நிலைக்கு அந்தப் பேரேட்டில் ஒரு கட்டம் இல்லை என்பதுதான் இரண்டுக்கும் பொது.

பிரசவ வார்டின் கதவு இன்னொன்று. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004இல் பிரசவத் துணைத் திட்டம் வந்தது. கூட ஒரு பெண் உறவு இருக்கலாம். 2016இன் மத்திய அரசு வழிகாட்டுதல், மறைவுக்கு வழியிருக்கும் இடங்களில் கணவனும் இருக்கலாம் என்றது. வழி எங்கே இருக்கிறது? ஒரே அறையில் நாலைந்து பெண்கள் வலியில் கிடக்கும்போது ஆம்பளையை உள்ளே விடு என்று கேட்பது அந்தப் பெண்களுக்குச் செய்கிற அநியாயம். கதவைத் திற என்பது நம் கோரிக்கையாக இருக்க முடியாது. ஒவ்வொருத்திக்கும் மறைவான இடம் கொடு என்பதே கோரிக்கை. அது கிடைத்தால் அவள் விரும்பும் ஆளை அவள் கூப்பிட்டுக்கொள்வாள். கூப்பிடாமலும் இருப்பாள்.

மருத்துவம் என்ன சொல்கிறது என்பதையும் சுருக்கமாகப் பார்க்கலாம். பேறுகாலத்துக்குப் பின்னான மனச்சோர்வை அளக்கும் எடின்பரோ அளவுகோல் 1987இல் தாய்மாருக்காக உருவானது. பின்னால் தகப்பன்மாரிடம் பயன்படுத்தியபோது வெட்டுப்புள்ளியைக் குறைக்க வேண்டியிருந்தது. ஆண்கள் அழுததாகச் சொல்வது குறைவு. 2010இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, கர்ப்ப காலம் முதல் குழந்தையின் முதல் வயது வரை ஏறக்குறைய 10 சதவீதத் தகப்பன்மாருக்கு மனச்சோர்வு இருப்பதாகக் கணக்கிட்டது. மூன்று முதல் ஆறு மாதத்தில் அது மிக அதிகம். தாய் சோர்ந்தால் தகப்பனும் சோர்வது கூடுகிறது. பிலிப்பைன்ஸின் செபு நகரத்தில் 624 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியிட்ட ஆய்வு, தகப்பனானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவதையும், குழந்தையை அதிகம் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அது மேலும் குறைந்திருப்பதையும் காட்டியது. குறவனின் உடம்பு மாறும் என்று சடங்கு சொன்னதைப் பார்த்துச் சிரித்தோம். ரத்தப் பரிசோதனை சொன்னால் தலையாட்டுகிறோம்.

5

தோழர்கள் கேட்கலாம். பிரசவத்தில் சாகிறவள் பெண். ரத்தச் சோகையோடு வயல் வேலைக்குப் போகிறவள் பெண். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவனிடம் வன்முறைக்கு உள்ளாகியிருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இந்த நிலையில் ஆம்பளையின் மனசுக்கு மருந்து கேட்பது எந்த அரசியல்?

கேள்வி நியாயமானது. இன்னும் கூர்மையாகவே கேட்க வேண்டும், ஏனென்றால் இது கடலூர் மாவட்டம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஆயிரம் ஆணுக்கு 900க்கும் குறைவாகப் பெண்கள் இருந்த மாவட்டம். 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை அந்த வருஷமே இங்கே நீட்டிக்க வேண்டியிருந்தது. இந்த மண்ணில் தகப்பனின் பயம் அப்பாவியானதல்ல. 'ஆணா பொண்ணா' என்ற தவிப்பாக அது ஸ்கேன் சென்டர் வரை போகிறது. களப்பாளரின் குளக்கரையில்கூட வேண்டப்பட்டதும் கொடுக்கப்பட்டதும் ஆண் பிள்ளைதான்.

என் பதில் இதுதான். தகப்பனின் பயத்துக்கு நம் சமூகம் ஏற்கெனவே வழிகள் வைத்திருக்கிறது. டாஸ்மாக் ஒன்று. பெற்றவளைக் குற்றம் சொல்வது ஒன்று. பெண் குழந்தையைப் பாரம் என்பது ஒன்று. வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பித்துக் காணாமல் போவது ஒன்று. எல்லா வழிகளும் கடைசியில் பெண்ணின் உடம்பில் போய்த்தான் முடிகின்றன. பயம் என்று சொல்ல முடியாதவன் கோபம் என்று சொல்கிறான். கோபத்துக்கு ஆண்மையின் அகராதியில் மரியாதை உண்டு. பயத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் செய்வது ஆணுக்குச் சலுகை கேட்பதாகாது. அவளிடம் இறக்கிவைக்கும் சுமையை அவனே அடையாளம் காண வைப்பது அது. அடித்தவனுக்கு மனச்சோர்வு என்று சான்றிதழ் கொடுத்து விடுவிப்பதற்கு நான் எதிரி. அடிப்பதற்கு முந்தைய மாதங்களில் ஒருவர் அவனிடம் ஒரு கேள்வி கேட்டிருக்க முடியும் என்பதே நான் சொல்வது.

கேட்பதற்கு ஆளும் இருக்கிறார். கிராம சுகாதாரச் செவிலியர் கர்ப்பிணியைப் பதிவு செய்ய வருகிறார், தடுப்பூசிக்கு வருகிறார், வீட்டு நிலவரம் அவருக்குத் தெரியும். ஆனால் இருக்கிற வேலையிலேயே முதுகு ஒடிந்துபோன அந்தப் பெண்ணின் தலையில் ஆம்பளையின் கண்ணீரையும் ஏற்றக் கூடாது. அதற்கு ஆண்கள் வர வேண்டும். நம் இயக்கங்கள், சங்கங்கள், வாசகர் வட்டங்கள் எதிலாவது ஒரு கூட்டத்திலாவது புதிதாகத் தகப்பனான தோழனிடம், தூங்குறியா என்று கேட்டிருக்கிறோமா? 'இனிப்பு எங்கே' என்றுதான் கேட்டிருக்கிறோம்.

6

காயம் என்ற சொல்லுக்குத் தமிழில் மருந்துச் சரக்கு என்றும் பொருள், உடம்பு என்றும் பொருள், புண் என்றும் பொருள். குறவன் எதைத் தின்றான் என்று பழமொழியிடம் மறுபடியும் கேட்க வேண்டியிருக்கிறது.

பெரியம்மா சிரித்த அன்று இரவு மனைவி லேகியச் சம்படத்தைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். 'உனக்கும் வேணுமா?' என்றாள். கேலியாகத்தான் கேட்டாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, 'நெசமாத்தான் கேக்குறேன், நீ தூங்கியே எத்தன நாளாச்சி?' என்றாள். அப்போதும் கிணற்றைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்ல எனக்கு இன்னும் ஒன்பது மாதம் ஆயிற்று. மருத்துவரிடம் போகச் சொன்னதும் அவள்தான். பெற்றவளே மறுபடியும் தாதியாக வேண்டியிருந்தது என்பதையும் இந்தக் கட்டுரை மறைக்கக் கூடாது.

எங்கள் ஊர்ப் பிள்ளை ஞானாசிரியன் ஆன வரலாறு பன்னிரண்டு சூத்திரமாக இருக்கிறது. அவனுக்காகத் தவித்த அப்பனின் வரலாறு கனவோடு நின்றுபோயிற்று. குறவரின் வரலாறு ஒரு வரிப் பழமொழியாகவும் ஒரு போலீஸ் பதிவாகவும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. இந்தப் பழமொழியை அடுத்த முறை யாராவது சொல்லும்போது சிரிக்காமல் இருக்க நம்மால் முடிகிறதா என்று பார்க்கலாம். முடியவில்லையென்றால் ஏன் என்று விவாதிக்கலாம்.